கடல்பாசியில் எழுதிய நடுப்பக்கம்

உத்திரமேரூர்,
24-2-1960, புதன்கிழமை.

என் அருமைத் தோழி தேவகிக்கு ஷாஜாதி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பு நாளுக்கு நாள் தேறி வரவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கார்டு போன சனிக்கிழமை மத்தியானம் கிடைத்தது. நீ தாம்பரம் டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. திடீரென்று உன் கோழிக் கிறுக்கலைக் கண்டதும் அடுப்படியில் போய் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். நான்கு பவுண்டு எடை கூடியிருக்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். தினமும் முட்டையும் பாலும் கொடுக்கிறார்களாமே, கொடுத்து வைத்தவள் என்றாள். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாதபோது சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவாள்.

பாடக் கூடாது, வாய்க்குள் முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு பேர் எதிரில் பேசு என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உனக்கோ பாடாதே என்றால் மூச்சை நிறுத்து என்பது போல. ஆனாலும் சொன்னபடி கேள். நெஞ்சு ஆறவேண்டும் அல்லவா.

பள்ளிக்கூடக் கையெழுத்து இதழில் என் பாட்டைப் போடுவார்களா, அல்லது பயப்படுகிறார்களா, நிஜத்தைச் சொல் என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. பயப்படுகிறார்கள். சங்கீத மன்றத்துச் சிட்டம்மாள் வந்து சொன்னாள். இரண்டு பிள்ளைகளின் அப்பாமார் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அந்தப் பெண் தொட்ட காகிதம் எங்கள் பிள்ளைகள் கைக்கு வரக் கூடாது என்றார்களாம். பஞ்சாட்சரம் சார் நல்லவர்தான், உனக்கே தெரியும். சங்கீத மன்றத்தை அவர் நடத்துவதே பெரிது. ஆனால் சத்தம் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கும் என்னைப் போலத்தான். இந்தத் தடவை அவள் பாட்டு வேண்டாம், திரும்பி வந்ததும் போடலாம் என்றிருக்கிறார்.

சிட்டம்மாள் விடவில்லை. அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே. "சார், அவ பாட்டு நோட்டு இஸ்கூலுக்கே வராது. ஷாஜாதிதான் தன் கையால எய்தப் போறா. அவ வூட்டுல எல்லாரும் நல்லாதான் கீறாங்க" என்றாளாம். சார் வெகுநேரம் யோசித்து, அப்படியானால் சரி, ஆனால் மார்ச் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமைக்குள் எல்லாப் பிரதியும் என் மேஜைக்கு வரவேண்டும், வராத பக்கத்தை விட்டுவிட்டுத் தைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பத்தொன்பதாம் தேதி ஆண்டு விழா. ஆகையால் உன் பாட்டு வருவதும் வராததும் இப்போது என் கையில் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு ஸரிகமவும் தெரியாது. ஆனால் நீ அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியவேண்டும் என்றால் சங்கீதம் தெரியாதவள்தான் பக்கம் போடவேண்டும் என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். 'கைத்தாளம்' முதல் இரண்டு இதழும் ஒரே ஒரு பிரதியாகப் போய் என்ன ஆயிற்று? ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை முப்பது பிரதியாவது வேண்டும்.

அதற்குத்தான் உன் கார்டில் வழி இருந்தது. உன் வார்டுக்கு அடுத்த வார்டில் இருக்கும் குமாஸ்தா அம்மாள், தட்டில் வஜ்ஜிரப் பசையும் கிளிசரினும் சர்க்கரையும் காய்ச்சி உறையவைத்து, ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் காப்பியிங் பென்சிலால் எழுதிய தாளை அதன்மேல் குப்புற வைத்து எடுத்து, பிறகு வெறும் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பிரதி எடுக்கிறாள் என்று எழுதியிருந்தாயே. உடனே செய்து பார்த்தேன். ஆசாரி வீட்டு வஜ்ஜிரம் வேகும்போது வந்த நாற்றத்தில் அம்மா அதைச் சட்டியோடு தெருவில் வீசிவிட்டாள். பிறகுதான் யோசனை வந்தது. எங்கள் கடையில் நோன்புக்காக மூட்டையில் வந்து இறங்கியிருக்கிறதே கடல்பாசி. அதுவும் காய்ச்சினால் கட்டியாக உறைகிறதுதானே. கிளிசரினைச் சிட்டம்மாள் உதட்டு வெடிப்புக்கு என்று சொல்லி மருந்துக் கடையில் வாங்கி வந்தாள். நேற்று மாலை முதல் பக்கம் எடுத்தோம். ஊதா நிறத்தில் பூப்போல வந்தது, தேவகி. அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பக்கங்களைப் பற்றிச் சொல்கிறேன். வீணை, மயில் எதுவும் வரையவில்லை. அவற்றை எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்? மூன்றாம் பக்கத்துக்குக் 'கேட்டுப் பார்' என்று பெயர். நெல்லு மிஷின் எந்த வேகத்தில் தட்டுகிறது, கொல்லன் பட்டறையில் பெரிய சம்மட்டிக்கும் சின்னச் சம்மட்டிக்கும் நடுவில் எத்தனை இடைவெளி, மானாம்பதி வண்டி மேடேறும்போது மாட்டு மணி எப்படி மாறுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வெறும் கட்டம். வகுப்பில் நீ கேட்ட சத்தத்தை இங்கே வரை என்று எழுதிவிட்டேன். ஓரத்தில் எல்லாம் மருதாணிக் கொடி. எனக்குத் தெரிந்த ஒரே அலங்காரம் அதுதான்.

உன் பாட்டுக்கு நடுப்பக்கம். சார் கடைசிப் பக்கத்தில் சின்னதாகப் போடச் சொன்னாராம். நான் முழுத்தாளில், இரண்டு பக்கமும் சேரும்படி போட்டிருக்கிறேன். நேரில் கேட்டால் பேசியிருக்கமாட்டேன். பென்சிலில் என்றால் தைரியம் வருகிறது. தாளைச் சுற்றி எட்டுக் கை. தட்டு ஒன்று, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பிள்ளைகள் கையைப் பார்த்துக்கொண்டே தாளம் போடலாம். நடுவில் ஒற்றைக்காலில் நாரை. நாரை சொல்லும் பதிலை மட்டும் பாட்டோடு எழுதாமல், கீழே வலது மூலையில், எட்டாவது கைக்குப் பக்கத்தில் தனியாக எழுதப் போகிறேன். அந்தக் கடைசி வரி வரும்போது எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ போகும்போது கொடுத்துவிட்ட உன் பாட்டு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில். அத்தாவுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, அங்கிருந்து எதுவும் இங்கே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அத்தாவைக் குறையாக நினைக்காதே. பெண்ணைப் பெற்ற பயந்த மனிதர். உன் அம்மாவை ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். இப்போதெல்லாம் தண்ணீருக்குக் கடைசிக் கிணற்றுக்குப் போகிறார்கள். ஏன் என்று நான் எழுதவேண்டியதில்லை.

மருந்தை விடாமல் சாப்பிடு. முப்பது பிரதியும் எடுத்துவிட்டு எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால், எடுக்க முடியவில்லை என்று தெரிந்துகொள்.

உன் உடம்பு நோகாமல் ஆண்டவன் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள
ஷாஜாதி


உத்திரமேரூர்,
21-3-1960, திங்கட்கிழமை.

என் தேவகிக்கு, உன் ஷாஜாதி மனநிறைவோடு எழுதுவது.

எக்ஸ்ரே படத்தில் நிழல் குறைந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்ற உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விலா எலும்பை எடுப்பார்கள் என்று சிட்டம்மாள் எங்கேயோ கேட்டு வந்து சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நோன்பு மாதம் ஆனதால் யாரும் கவனிக்கவில்லை. கடிதத்தைப் படித்ததும் கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவினேன். மறுபடி மறுபடி கழுவவேண்டியதாயிற்று.

சனிக்கிழமை ஆண்டு விழா நடந்தது. உன் பாட்டு நடுப்பக்கத்தில் வந்தது. மொத்தம் முப்பத்திரண்டு பிரதி. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் இனிமேல் எழுதப்போவதைப் படித்து நீ பயந்துபோவாய், உனக்கு இப்போது பயம் ஆகாது.

பத்தாம் தேதிக்குள் மற்றப் பக்கங்களை எல்லாம் எடுத்துவிட்டோம். அவை சின்னத் தாள், எங்கள் வீட்டுத் தட்டே போதும். நடுப்பக்கம் மட்டும் முழுத்தாள் ஆயிற்றே, அதற்கு எந்தத் தட்டும் போதவில்லை. பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நோன்பு திறக்க எங்கள் வீட்டு முறை. முறைக்காரர் வீட்டுக்குப் பள்ளிவாசலிலிருந்தே மூன்று சஹன் வரும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் அகலமான தட்டு, அடியில் பள்ளிவாசல் பெயர் வெட்டியிருக்கும். அம்மா பால் ஊற்றிய கடல்பாசியை இரண்டு சஹனில் ஊற்றினாள், மூன்றாவது மிச்சம். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் கழுவி வைத்துவிடலாம் என்று அதில் என் கடல்பாசியை ஊற்றினேன்.

நடுப்பக்கத்தை எழுத நாலு நாள் ஆகியிருந்தது. காப்பியிங் பென்சில் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, கடைசிக் கையை வரையும்போது விரலில் பிடிக்கவே இல்லை. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால் தாளைக் குப்புற வைத்து எடுத்தேன். எழுத்து முழுவதும் தட்டில் இறங்கி, தாளில் சாம்பல் போல ஒரு நிழல்தான் மிஞ்சியது. பிரதி எடுக்கச் சிட்டம்மாள் பள்ளிக்கூடம் விட்டு வரவேண்டும். தட்டைத் துணியால் மூடி, மற்ற இரண்டு தட்டுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

வந்து பார்த்தால் மூன்று இடமும் காலி.

அம்மா தொழுதுகொண்டிருந்திருக்கிறாள். அத்தா கடைக்குப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருக்கும் மக்பூல் மாமு தட்டு எடுக்க வந்திருக்கிறார். பள்ளிவாசலிலிருந்து மூன்று போயிற்று, மூன்று திரும்பவேண்டும் என்று அவருக்குக் கணக்கு. மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் சஹனைத் தொட்டதுதான் தப்பு, அவரைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது? பென்சில் இல்லை. மறுநாள் சனிக்கிழமை. சார் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தைத்துவிடுவார். அது போகட்டும், நோன்பு திறக்கும் பண்டத்தில் பாட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். அதிலும் உன் பெயர் போட்ட பாட்டு. அத்தா பார்த்தால் நோட்டும் வெளியே வரும், இதழும் நிற்கும், சிட்டம்மாள் வருவதும் நிற்கும். அம்மா என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். நோன்பு மயக்கம் என்றேன். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நகரா முரசு அடிக்கும் சத்தம் கேட்டது. அம்மா பேரீச்சம்பழம் கொடுத்தாள். வாயில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றேன்.

அங்கே நடந்ததை மக்பூல் மாமுதான் பிறகு சொன்னார். நகரா அடித்ததும் அவர் முதல் ஆளாகத் துணியை விலக்கி, தட்டின் கீழ்மூலையில் ஒரு கை அள்ளி வாயில் போட்டிருக்கிறார். கசப்பு. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தால் தட்டு முழுக்க ஊதா எழுத்து. எல்லாம் திருப்பிப் போட்டிருந்ததால் வலமிருந்து இடமாக ஓடியிருக்கிறது. ஒருவர் இது அரபிதான் என்றாராம். இன்னொருவர், அரபியில் புள்ளி இருக்கும், இதில் கொம்பும் சுழியுமாக இருக்கிறதே என்றாராம். ஒரு பெரியவர் பிஸ்மி சொல்லிவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாராம். கடைசியில் தொழவைக்கும் ஹஜரத் குனிந்து முகர்ந்து பார்த்து, மருந்து வாடை அடிக்கிறது, யாரும் தொடவேண்டாம் என்றிருக்கிறார்.

அத்தா மட்டும் எழுத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்திருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் நான் அம்மா கையில் போடும் அதே மருதாணிக் கொடி. "இது எங்க வூட்டுது" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரோடு கஞ்சியைக்கூட விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாராம்.

அவர் தெருவில் வருவதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சமும் சாயாமல், நிறைகுடம் கொண்டு வருவதைப் போல அடிமேல் அடி வைத்து வந்தார். பின்னால் மக்பூல் மாமு நாக்கை வெளியே நீட்டியபடி. நாக்கு நாவற்பழம் தின்றது போல இருந்தது. கோபமாக இருக்கிறவர் தட்டை இத்தனை பத்திரமாகக் கொண்டுவரமாட்டாரே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது.

அத்தா தட்டைக் கூடத்தில் வைத்தார். தான் முகம் வழிக்கும் கண்ணாடியைக் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடியைத் தட்டின்மேல் சாய்த்துப் பிடித்து, அதற்குள் தெரிந்ததை அத்தா எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் ஐந்தாம் வகுப்பு.

ஏரிக் கரையிலே ஒத்தைக்கால் நாரை,
எதுக்கு நிக்கிறே இத்தனை நேரம்?
மீனுக்கா, மழைக்கா, மேற்கே போன மேகத்துக்கா?
நாரை சொன்னது...

அதற்குமேல் இல்லை. அந்த மூலைதான் மக்பூல் மாமு வயிற்றில் இருந்தது. அத்தா கண்ணாடியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "நாரை இன்னாம்மா சொல்லிச்சி?" என்று கேட்டார்.

என்னால் பேசமுடியும் என்று நான் நினைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடியே அந்தக் கடைசி வரியைச் சொன்னேன். திடீரென்று அத்தா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, தேவகி. மக்பூல் மாமு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ இங்கே இருந்திருக்கவேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் அத்தா மறுபடி கண்ணாடியைப் பிடித்தார். பாட்டின் தலைப்புக்குக் கீழே உன் பெயர் இருந்தது. அதை வாசித்ததும் முகம் மாறிவிட்டது. அம்மா ஏதோ சொல்ல வந்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு இப்போ எப்பிடிம்மா கீது?" என்றார்.

மூன்று மாதமாக இந்தத் தெருவில் யாரும் அதைக் கேட்கவில்லை. தொற்றுமா, கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்றுதான் கேட்டார்கள். நான் நாலு பவுண்டு என்றேன். நாலு பவுண்டு ஏறியிருக்கிறாள் அத்தா என்றேன். பிறகு இதை எதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். உன் நோட்டைப் பார்த்து என்றேன், அது எங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். நோய் போக வெயிலில் வைத்து எடுத்தாயா என்றார். இல்லை என்றேன். எத்தனை நாளாக என்றார். டிசம்பரிலிருந்து என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருமல் கிருமல் எதுனா வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். அம்மாவைப் பார்த்தார், அம்மாவும் இல்லை என்று தலையாட்டினாள். "அப்போ நாமதான் வீணா பேஜார் பண்ணிக்கினோம்" என்றார். அடுத்த பேச்சு, இதில் எத்தனை பிரதி எடுக்கலாம் என்பது.

சிட்டம்மாள் முன்னமே வந்து, கொல்லைப் பக்கம் பயந்து நின்றுகொண்டிருந்தாள். அவளையும் கூப்பிட்டோம். நான் தாளை வைக்க, அத்தா இரண்டு முனையையும் பிடித்து உரிக்க, அம்மா துணி காயும் கொடியில் வரிசையாகப் போட்டாள். முதலில் வந்தவை கருஊதா. போகப்போக வெளிறி, கடைசித் தாளில் நாரை பனியில் நிற்பது போலத் தெரிந்தது. முப்பத்திரண்டோடு நின்றுவிட்டது. அத்தா ஊதா விரலோடு இரவில் தராவீஹ் தொழப் போனார். மக்பூல் மாமு உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்துவிட்டு, மறுநாள் கம்பவுண்டரிடமும் நாக்கைக் காட்டிவிட்டு வந்தார். ஒன்றும் ஆகாதாம். "பாட்டுல கடைசி அடி என் வயித்துல கீது, ஒருத்தனுக்கும் தரமாட்டேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாக்கு வெளுக்க நாலு நாள் ஆயிற்று.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலையில் பிரதிகள் சாரிடம் போய்ச் சேர்ந்தன. கீழ்மூலை ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாராம். எலி கடித்துவிட்டது சார் என்றாளாம் சிட்டம்மாள். முப்பத்திரண்டையும் ஒரே இடத்திலா என்று கேட்டுவிட்டு, சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எட்டுக் கையையும் பார்த்துத் தாமே ஒரு ஆவர்த்தம் தாளம் போட்டுப் பார்த்தாராம். உன் பெயரையும் பார்த்தார். தைக்கச் சொல்லிவிட்டார். என் பெயர் எங்கும் இல்லை. சிட்டம்மாள் போடவேண்டும் என்று சண்டை பிடித்தாள். வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் விட்டாள். எனக்கு அது பெரிய நிம்மதி.

அதற்கடுத்த திங்கட்கிழமை அத்தா சரக்கு வாங்கக் காஞ்சிபுரம் போனார். வரும்போது புதுக் காப்பியிங் பென்சில் இரண்டு கொண்டுவந்து, என்னிடம் கொடுக்காமல் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. சிட்டம்மாள் பிரதிகளை எடுத்துக்கொண்டு வந்தாள், மூலையில் கடைசி வரியைக் கையால் எழுதிவிடலாம் என்று. எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. அந்த இடம் எனக்கு உரியது அல்ல என்று தோன்றியது. வேண்டாம், காலியாகவே இருக்கட்டும், மேடையில் நீயும் அங்கே நிறுத்திவிடு என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

விழாவுக்கு நான் போகவில்லை. மாடியில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன். சிட்டம்மாள் பாடினாள். உன்னைப் போல வராது, ஆனால் சுருதி விலகவில்லை. அதற்குமேல் கேட்டது கைத்தட்டுச் சத்தம். பிள்ளைகள் தாளைப் பார்த்துப் பார்த்துத் தாளம் போட்டார்கள். தட்டும்போது மட்டும் சத்தம், விரல் எண்ணும்போது அமைதி, மறுபடி சத்தம். நெல்லு மிஷின் போல ஒரே சீராக வந்தது. நான் வரைந்த கை அத்தனையும் அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. நாரை சொன்னது என்று பாடி அவள் நிறுத்தினாள். கூட்டமும் நின்றது. பிறகு ஒரு பிள்ளை, அப்பறம் என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டு யாருடையது என்று ஒலிபெருக்கியில் சார் சொன்னார். உன் முழுப் பெயரையும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு நேரே, உங்கள் வீட்டு வாசலில் உன் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று நோன்பு திறந்ததும் என் அம்மா ஒரு கிண்ணத்தில் கடல்பாசி எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனாள், பால் ஊற்றியது, எழுத்து இல்லாதது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிண்ணம் நிறைய அவல் வந்தது. அம்மா எல்லோருக்கும் பங்கு போட்டாள். அத்தா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

இப்போது பள்ளிக்கூடத்தில் இதுதான் பேச்சாம். பிள்ளைகள் தாங்களே மூலையில் பதில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கால் வலிக்கிறது, மாற்றி நிற்கப் போகிறேன் என்று ஒருவன். இன்றைக்கு ஸ்கூல் லீவு என்று ஒருவன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எங்கள் ஆயா கேட்டால்தான் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாள். சிட்டம்மாளிடம் வந்து இது சரியா, இது சரியா என்று கேட்கிறார்களாம். பாட்டுக்காரிக்குத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்புகிறாளாம்.

தேவகி, அந்த வரியை நான் இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். அது உனக்கும் எனக்கும் சிட்டம்மாளுக்கும், அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்களுக்கும்தான் தெரியும். அவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று அத்தா சொல்லிவிட்டார். பிள்ளைகள் பென்சிலில் எழுதியதை அழித்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு மூலையும் உனக்காக இருக்கிறது.

நீ பாடவேண்டாம். டாக்டர் சொல்லும் வரைக்கும் முணுமுணுக்கவும் வேண்டாம். மருந்தை முகம் சுளிக்காமல் சாப்பிடு, முட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுக்காதே. ஒவ்வொரு பவுண்டாக ஏறி, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்து சேர். வந்து அந்த ஒரு வரியைச் சும்மா வாயால் சொன்னால் போதும். நாரைக்கு அவசரம் இல்லை. அது ஒற்றைக்காலில் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கும்.

ஆண்டவன் உன்னை நீண்ட ஆயுளோடு எங்கள் தெருவுக்குத் திருப்பித் தரட்டும்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் ஷாஜாதி